கூலியும் கொடையும்

ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குக் குடும்பம் பெயர்வது நம் நாட்டில் இன்று சாதாரண நிகழ்ச்சி. வங்கி அதிகாரிகள், ரயில்வே ஊழியர்கள், ராணுவத்தினர், மென்பொருள் துறை இளைஞர்கள் என்று எத்தனையோ பேர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வீட்டையே மூட்டை கட்டிக்கொண்டு டெல்லிக்கும் கொல்கத்தாவுக்கும் புனேவுக்கும் ஹைதராபாத்துக்கும் சென்றவண்ணம் இருக்கிறார்கள். பிள்ளைகளின் தேர்வு முடிந்த பிறகு, ஏப்ரல், மே மாத வெயிலில்தான் பலருடைய வீடு மாறுதல் நடைபெறுகிறது.

அந்த நாளின் முடிவில் ஒரு தருணம் வரும். கடைசிப் பெட்டியும் உள்ளே வந்துவிட்டது. நிறுவனத்திற்குச் சேர வேண்டிய தொகை செலுத்தப்பட்டு ரசீதும் கைக்கு வந்துவிட்டது. நான்கைந்து பேர் வாசலில் வியர்வையைத் துடைத்தபடி நிற்கிறார்கள். அவர்கள் எதையும் கேட்கவில்லை. ஆனால் புறப்படவும் இல்லை. வீட்டுக்காரர் உள்ளே சென்று மனைவியிடம் தாழ்ந்த குரலில் கேட்கிறார்: "இவர்களுக்கு என்ன கொடுக்கலாம்?"

வட மாநிலங்களில் இதை 'பக்‌ஷீஸ்' என்றும் 'சாய்-பானி' என்றும் சொல்கிறார்கள். நாம் இனாம் என்றும் டிப்ஸ் என்றும் சொல்கிறோம். சில நூறு ரூபாய்களில் முடிந்துவிடும் விஷயம்தான். ஆனாலும் நல்லவர்களையும் இந்தக் கேள்வி சற்றுத் தடுமாற வைக்கிறது. குறைவாகக் கொடுத்தால் மனம் உறுத்துகிறது; அதிகமாகக் கொடுத்தால் ஏமாந்துவிட்டோமோ என்ற எண்ணம் எழுகிறது. ஆயிரக்கணக்கில் செலவழிக்கும்போது வராத தயக்கம் இந்தச் சிறு தொகையில் ஏன் வருகிறது? இது சிந்திக்கத் தக்கது.

இரண்டு கேள்விகள்

தடுமாற்றத்திற்குக் காரணம், இரண்டு வேறு கேள்விகளை நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே. 'இவர்களுக்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன்?' என்பது ஒரு கேள்வி. 'இவர்களுக்கு நான் எவ்வளவு கொடுக்க விரும்புகிறேன்?' என்பது மற்றொன்று. முன்னது நீதியைச் சார்ந்தது. பின்னது அன்பைச் சார்ந்தது. கடனைத் தீர்ப்பவன் எதையும் கொடுத்தவன் ஆகமாட்டான்; பிறருக்கு உரியதை அவரிடம் சேர்த்தவன் மட்டுமே ஆவான். கொடை என்பது கடன் தீர்ந்த பிறகுதான் தொடங்குகிறது.

நடைமுறையில் நாம் இந்த வரிசையை மாற்றிவிடுகிறோம். கடனில் ஒரு பகுதியைத் தீர்க்காமல் விட்டுவிட்டு, அதே பகுதியை இறுதியில் இனாம் என்ற பெயரில் கொடுக்கிறோம். கொடுத்துவிட்டு நம்மை வள்ளலாகவும் எண்ணிக்கொள்கிறோம். வாசலில் நிற்பவர்கள் படித்தவர்களாக இல்லாமல் இருக்கலாம். ஆயினும் தமக்கு உரியது எது, மேலாகக் கிடைத்தது எது என்பதை அவர்கள் நன்றாகவே அறிவார்கள். எனவே 'எவ்வளவு கொடுப்பது?' என்ற கேள்விக்கு விடை காணுமுன், 'எவ்வளவு கடன்?' என்ற கேள்வியைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

கடன் எது?

வேலைக்குப் பேசிய தொகையைக் கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் பேசிய தொகை எந்த வேலைக்காகப் பேசப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி என்பதைத் தொலைபேசியில் சொன்னோமா? நான்கு அலமாரி நிறையப் புத்தகங்கள் இருப்பதைச் சொன்னோமா? குறுகிய தெருவில் லாரி நுழையாது, நூறு அடி தூரம் சுமந்து வர வேண்டும் என்பதைச் சொன்னோமா? 'சாமான் அதிகமில்லை' என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டோம் என்றால், பேசிய தொகை ஒரு வேலைக்கு, செய்யப்பட்டது வேறொரு வேலை என்று ஆகிவிடுகிறது.

மூன்று மாடி என்பதன் பொருளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு மாடிக்கு 20 படிகள் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 60 படிகள். 100 பெட்டிகளை நான்கு பேர் சுமந்தால் ஒவ்வொருவருக்கும் 25 நடை. அதாவது சுமையுடன் 1,500 படி ஏற்றம். படியின் உயரம் 15 சென்டிமீட்டர் என்றால் அது 225 மீட்டர் ஆகிறது. டெல்லியின் குதுப் மினார் சுமார் 73 மீட்டர் உயரம். தலையிலோ முதுகிலோ சுமையுடன் ஒரு மனிதன் ஒரே நாளில் அதைப் போல மூன்று மடங்கு உயரம் ஏறியிருக்கிறான்! பெட்டிகளைத் தவிர, இருவர் சேர்ந்து தூக்க வேண்டிய இரும்பு பீரோ இருக்கிறது. ஆடாமல் நிற்பதற்காக உள்ளே கான்கிரீட் கட்டி வைத்துச் செய்யப்படுவதால் 60 கிலோவுக்கும் மேல் எடையுள்ள, முன்பக்கம் கதவுள்ள துணி துவைக்கும் இயந்திரமும் இருக்கிறது.

சுமைக்கு ஓர் அளவு உண்டு என்பதை உலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-ஆம் ஆண்டு வெளியிட்ட பரிந்துரை, வயது வந்த ஓர் ஆண் தனியாகச் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதை விரைவில் அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும் என்று கூறுகிறது. பெரிய அட்டைப் பெட்டி ஒன்றில் புத்தகங்களை விளிம்பு வரை அடுக்கி நாடா ஒட்டுபவர் இதை நினைவில் கொள்வது நல்லது. புத்தகங்களைச் சிறிய பெட்டிகளில் வைப்பது நமக்குக் கூடுதலாக அரை மணி நேர வேலை. சுமப்பவரின் முதுகெலும்புக்கு அது பெரிய உதவி.

கடனில் பணமாகாத பகுதியும் உண்டு. குடிக்கத் தண்ணீர் கடன். மதிய வேளையில் அரை மணி ஓய்வு கடன். கழிப்பறையைப் பயன்படுத்த அனுமதிப்பது கடன். பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சாமான் ஏற்றுவதற்கு முன்னதாகவே சங்கத்திடம் அனுமதி பெற வேண்டும். பெறாவிட்டால் காவலாளி லிஃப்ட்டை நிறுத்திவிடுவார். பிறகு எல்லாம் படி வழியாகத்தான் ஏற வேண்டியிருக்கும். ஒரு நாள் முன்பே அந்த அனுமதியைப் பெற்று வைப்பது, இறுதியில் கொடுக்கும் நூறு ரூபாயைக் காட்டிலும் பெரிய உதவி. தண்ணீரைப் பொறுத்தவரை இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டில் இருக்கும் டம்ளர்களை ஒதுக்கிவிட்டு, இவர்களுக்கென்று தனிக் குவளையைத் தேடி எடுக்கும் கை இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அந்தக் கை பிறகு எவ்வளவு பெரிய நோட்டை நீட்டினாலும் அந்த அவமதிப்பை அது ஈடு செய்யாது.

பேரத்தின் விலை

கடனைக் குறைத்துவிடும் மற்றொரு வழி பேரம். மூன்று நிறுவனங்களிடம் விலை கேட்டு, ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் குறைப்பது திறமை என்று கருதப்படுகிறது. நிறுவனம் அதிக விலை சொன்னால் குறைக்கக் கேட்பதில் தவறில்லை. ஆனால் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கும் விலை யாரிடமிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். டீசல் விலை குறையாது, சுங்கச்சாவடிக் கட்டணம் குறையாது, வரி குறையாது. குறைக்க இயல்வது ஆட்களின் எண்ணிக்கையைத்தான். ஆறு பேர் செய்ய வேண்டிய வேலைக்கு நான்கு பேர் வருகிறார்கள். நாம் குறைத்த 2,000 ரூபாய், அந்த நால்வரின் தோளில் கூடுதல் சுமையாக ஏறுகிறது.

ஒரு குடும்பம் இவ்வாறு 2,000 ரூபாயைக் குறைத்துவிட்டு, முடிவில் 500 ரூபாய் இனாம் கொடுத்தது என்று வைத்துக்கொள்வோம். மற்றொரு குடும்பம் நியாயமான விலைக்கு ஒப்புக்கொண்டு, போதிய ஆட்களைக் கேட்டு வாங்கி, இறுதியில் நன்றி மட்டும் சொன்னது. வாசலில் கைநீட்டிப் பணம் கொடுத்த முதல் குடும்பமே பார்ப்பவர் கண்ணுக்குத் தாராளமாகத் தெரியும். உண்மையில் நீதி செய்தது இரண்டாவது குடும்பம்தான்.

மகாத்மா காந்தியின் வாழ்க்கையில் இக்கருத்தோடு தொடர்புடைய ஒரு நிகழ்ச்சி உண்டு. 1904-ஆம் ஆண்டு ஜோஹானஸ்பர்கிலிருந்து டர்பனுக்கு ரயிலில் சென்றபோது, ஜான் ரஸ்கின் எழுதிய ஒரு சிறு நூலை அவர் இரவு முழுவதும் படித்தார். பிறகு அதைக் குஜராத்தியில் 'சர்வோதயம்' என்ற பெயரில் தந்தார். அந்நூலிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட பாடங்களுள் ஒன்று, வழக்கறிஞரின் உழைப்புக்கும் நாவிதரின் உழைப்புக்கும் மதிப்பு ஒன்றே என்பது. ரஸ்கினின் வாதத்தில் மற்றொரு செய்தியும் உண்டு: வேலை தேடுபவரின் நெருக்கடியைப் பயன்படுத்திக் கூலியைக் குறைப்பது நீதியாகாது. நம்முடைய மருத்துவரிடமும் வழக்கறிஞரிடமும் நாம் பேரம் பேசுவதில்லை, சுமப்பவரிடம் பேசுகிறோம். இந்த வேறுபாட்டிற்கு உழைப்பின் தன்மை காரணமா, உழைப்பவரின் எளிமை காரணமா என்று நம்மையே கேட்டுக்கொள்ளலாம்.

சொற்கள் சொல்லும் கதை

'இனாம்' என்பது அரபு மொழியிலிருந்து வந்த சொல். 'பக்‌ஷீஸ்' பாரசீகத்திலிருந்து வந்தது. இரண்டும் மேலிருப்பவர் கீழிருப்பவருக்கு மகிழ்ந்து அளிப்பதைக் குறித்தவை. அரசர்கள் வரி நீக்கிக் கொடுத்த நிலங்களுக்கு 'இனாம் நிலம்' என்று பெயர். ஆகவே இச்சொற்களில் கொடுப்பவரின் உயரமும் பெறுபவரின் பணிவும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 'கூலி' என்ற சொல்லின் கதை வேறு. தமிழில் அது உழைப்புக்கு உரிய ஊதியத்தைக் குறிக்கும் சொல். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் அதே ஒலியுடைய சொல் உழைக்கும் ஆளையே குறிக்கும் பெயராகி, கடல் கடந்தும் பரவியது. ஊதியத்தின் பெயரே மனிதனின் பெயரானபோது மனிதன் மறைந்துவிட்டான். 2016-ஆம் ஆண்டு ரயில்வே பட்ஜெட்டில், நிலையங்களில் சுமை தூக்குபவர்கள் இனி 'சஹாயக்', அதாவது உதவியாளர், என்று அழைக்கப்படுவார்கள் என அறிவிக்கப்பட்டது. பெயர் மாற்றத்தால் மட்டும் சுமை குறையாது. எனினும் அது நல்ல நினைவூட்டல்.

சுமை தூக்குபவரின் வாழ்வு இனாமால் உயர்ந்ததில்லை. உரிமையால்தான் உயர்ந்தது என்பதற்கு மகாராஷ்டிரம் ஒரு சான்று. தலையில் சுமப்பவரை அங்கு 'மாதாடி' என்பார்கள். 'மாதா' என்றால் தலை. 1969-ஆம் ஆண்டு மாதாடி, ஹமால் தொழிலாளர்களுக்காக அங்கு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி வாரியங்கள் அமைக்கப்பட்டன. வேலை கொடுப்பவர் கூலியுடன் ஒரு கூடுதல் தொகையையும் வாரியத்தில் செலுத்த வேண்டும்; அதிலிருந்து தொழிலாளிக்கு வருங்கால வைப்பு நிதி, மருத்துவ உதவி போன்றவை கிடைக்கின்றன. புனேயில் பாபா ஆடாவ் உருவாக்கிய ஹமால் பஞ்சாயத்து, மூட்டையின் எடையைக் குறைக்கப் போராடியது. 'கஷ்டாச்சி பாக்கர்', அதாவது 'உழைப்பின் ரொட்டி', என்ற பெயரில் குறைந்த விலை உணவகங்களை நடத்தியது. எத்தனை வீடுகளின் இனாம் சேர்ந்தாலும் ஒரு மனிதனின் முதுமைக்கு வைப்பு நிதி ஆகாது. இதை நாம் மறக்கக் கூடாது.

இனாம் தன் எல்லையை மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. அமெரிக்காவில் உணவகப் பணியாளர்கள் போன்று டிப்ஸ் பெறுபவர்களுக்கு முதலாளி நேரடியாகக் கொடுக்க வேண்டிய குறைந்த கூலி, மத்திய சட்டப்படி 1991 முதல் மணிக்கு 2.13 டாலராகவே நிற்கிறது. பொதுவான குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர். இடைவெளியை வாடிக்கையாளரின் டிப்ஸ் நிரப்ப வேண்டும். அது நிரம்பாதபோதுதான் முதலாளி ஈடு செய்ய வேண்டும். விருந்தினரின் அன்பளிப்பு இவ்வாறு முதலாளியின் சேமிப்பாக மாறிவிட்டது.

நம் நாட்டில் கேரளம் வேறொரு பாடத்தைத் தருகிறது. சுமட்டுத் தொழிலாளர்களுக்கு 1978-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றிப் பாதுகாப்பு அளித்த மாநிலம் அது. அங்கேயே 'நோக்குகூலி' என்ற வழக்கமும் வளர்ந்தது. பிறர் சுமையை இறக்க, தாம் பார்த்துக்கொண்டு நின்றதற்காகக் கேட்கும் கூலி அது. 2018-ஆம் ஆண்டு மே 1 முதல், உழைப்பாளர் தினத்தன்றே, மாநில அரசு அதைத் தடை செய்தது. முன்னதில் முதலாளி கொடையை விழுங்கினார். பின்னதில் சிலர் கொடையைப் பறிக்க முயன்றனர். இரண்டிலும் கொடை, கொடையாக இல்லை.

அப்படியானால் எவ்வளவு?

கடன் தீர்ந்துவிட்டது என்று கொள்வோம். இனி கொடுப்பது முழுக்க நம் விருப்பம். விருப்பத்திற்கும் ஓர் அளவுகோல் இருந்தால் தடுமாற்றம் குறையும்.

மொத்தக் கட்டணத்தில் இத்தனை சதவீதம் என்று கணக்கிடுவது பொருந்தாது. டெல்லியிலிருந்து சென்னைக்குச் சாமான் வந்தால், கட்டணத்தின் பெரும்பகுதி சுமார் 2,200 கிலோமீட்டர் ஓடிய லாரிக்கானது. பெட்டியைத் தூக்கியவரின் உழைப்பு, சாமான் அடுத்த தெருவுக்குப் போனாலும் ஏறக்குறைய அதேதான். நம்முடைய ரசீதை அளவாகக் கொள்ளாமல் அவருடைய வாழ்க்கையை அளவாகக் கொள்வதே பொருத்தம். அந்த ஊரில் அவ்வேலைக்கு ஒரு நாள் கூலி என்னவோ, அதில் கால் பங்கு முதல் பாதி வரை ஒவ்வொருவருக்கும் கொடுக்கலாம். நாள் கூலி 800 ரூபாய் என்றால் அது 200 முதல் 400 ரூபாய் வரை ஆகும். லிஃப்ட் இருந்து, வேலை அரை நாளில் முடிந்தால் கால் பங்கு போதும். படிகள், மழை, இரவு நேரம், எதிர்பாராத தாமதம் ஆகியவை சேர்ந்தால் பாதியை நோக்கிச் செல்லலாம்.

இந்த அளவுக்கு ஒரு காரணம் உண்டு. இப்படிப்பட்ட வேலைக்கு மறுநாள் உடல் வலிக்கும். நாள் கூலிக்காரருக்கு ஓய்வு என்பது கூலியை இழப்பது. அரை நாள் கூலி கையில் கூடுதலாக இருந்தால், மறுநாள் அரை நாள் ஓய்வை அவர் தமக்கென்று எடுத்துக்கொள்ள முடியும். உடல் கொடுத்ததில் ஒரு சிறு பகுதியை அந்த உடலுக்கே திருப்பித் தருகிறோம். ஓய்வெடுப்பதா, அந்தப் பணத்தை மகளின் பள்ளிச் செலவுக்கு வைத்துக்கொள்வதா என்பது அவருடைய முடிவு.

ஊர் விட்டு ஊர் மாறும்போது வேறொன்றையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் சாமானை ஏற்றுபவர்கள் வேறு, இறக்குபவர்கள் வேறு. 'எல்லாம் பத்திரமாகப் போய்ச் சேரட்டும், அங்கே பார்த்துக்கொள்ளலாம்' என்று நினைத்தால், காலையிலிருந்து பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றியவர்கள் வெறும் கையுடன் போவார்கள். இரண்டு இடங்களிலும் கொடுப்பதே முறை. பல இரவுகள் விழித்து வண்டி ஓட்டி வந்தவரையும் மறக்கக் கூடாது. தொகையை மேற்பார்வையாளரின் கைப்பேசி எண்ணுக்கு அனுப்பிவிட்டு 'பிரித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்வதைக் காட்டிலும், முந்தைய நாளே சில்லறை நோட்டுகளை எடுத்து வைத்திருந்து ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பது நல்லது.

கொடுக்கும் முறை

கீதையின் பதினேழாம் அத்தியாயம் தானத்தை மூன்றாகப் பகுத்துச் சொல்கிறது. கொடுப்பது நம் கடமை என்று உணர்ந்து, கைம்மாறு கருதாமல், இடமும் காலமும் பெறுபவரும் அறிந்து கொடுப்பது முதல் வகை. பலனை எதிர்பார்த்தோ மனம் நொந்தோ கொடுப்பது இரண்டாம் வகை. மரியாதையின்றி, இகழ்ச்சியோடு கொடுப்பது மூன்றாம் வகை. வேலை தொடங்குமுன் ஒரு நோட்டைக் காட்டி, 'ஜாக்கிரதையாகத் தூக்கினால் இன்னும் கிடைக்கும்' என்று சொல்வது இரண்டாம் வகையைச் சேர்ந்தது; அது கொடை அன்று, காப்பீடு. முகத்தைப் பார்க்காமல் நோட்டை மேசைமீது வைத்துவிட்டு நகர்வது மூன்றாம் வகையைச் சேர்ந்தது. இரண்டு நிமிடம் நின்று, பெயரைக் கேட்டு, 'இந்த வெயிலில் மிகவும் சிரமப்பட்டீர்கள்' என்று சொல்லிக் கையில் கொடுப்பது முதல் வகையை நெருங்குகிறது. தொகை மூன்றிலும் ஒன்றாகவே இருக்கலாம்.

வீடு மாறும் நாளில் நமக்குத் தேவையற்ற பொருள்கள் பல வெளிப்படும். ஒரு பக்கம் கிழிந்த சூட்கேஸ், சுழலாத மின்விசிறி, மீந்துபோன சோறு. 'இதை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லி அதையே இனாமாகக் கணக்கு வைத்துக்கொள்ளும் ஆசை எழும். கடோபநிஷதத்தில் நசிகேதன் என்ற சிறுவனின் மனத்தை வாட்டியது இதுதான். அவனுடைய தந்தை வேள்வி செய்து, பால் வற்றிப்போன கிழப் பசுக்களைத் தானமாகக் கொடுத்தார். தமக்குப் பயன்படாததைக் கொடுத்துவிட்டுக் கொடுத்த பெயரைத் தேடுவது தந்தைக்குத் தகுமா என்ற கவலை அச்சிறுவனுக்கு எழுந்தது. நம் வீட்டு வாசலிலும் பிள்ளைகள் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாம் என்ன கொடுத்தோம், எப்படிக் கொடுத்தோம் என்பதை அவர்கள் மறப்பதில்லை. பயன்படும் நிலையிலுள்ள பொருளை, வேண்டுமா என்று கேட்டு, வேண்டாம் என்று சொல்லும் உரிமையையும் சேர்த்துக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அது இனாமுக்கு மாற்று அன்று.

சில ஐயங்கள்

'அவர்களுக்குத்தான் நிறுவனம் கூலி கொடுக்கிறதே, நாம் ஏன் கொடுக்க வேண்டும்?' என்று சிலர் கேட்கலாம். கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. கடனை முழுதும் தீர்த்தவர், எதுவும் கொடுக்காமல் நன்றி சொல்லி அனுப்பினாலும் அநீதி செய்தவர் ஆகமாட்டார். ஆனால் மனித உறவு கடனோடு முடிவதில்லை. நம் தாத்தாவின் புகைப்படத்தையும் பிள்ளையின் விளையாட்டுப் பொருள்களையும் ஒரு நாள் முழுவதும் தம் தோளில் சுமந்தவருக்கும் நமக்கும் இடையே ரசீதில் அடங்காத ஏதோ ஒன்று உண்டு. அதற்கான அடையாளமே இந்தச் சிறு தொகை.

'கொடுத்தால் குடித்துவிடுவார்கள்' என்பது அடிக்கடி கேட்கும் சொல். நம் சம்பளத்தை நாம் எப்படிச் செலவிடுகிறோம் என்று நம் அலுவலகம் கேட்பதில்லை. கொடுத்த பின்னும் அதன் செலவைக் கண்காணிப்பவர் உண்மையில் அதைக் கையிலிருந்து விடவில்லை. நான்கு பேரைப் பார்த்த உடனே அவர்களின் பழக்கத்தைத் தீர்மானிக்கும் உரிமையும் நமக்கில்லை.

'மிரட்டிக் கேட்டால் என்ன செய்வது?' என்பது நியாயமான கேள்வி. பாதிச் சாமான் லாரியில் இருக்கும்போது, கூடுதல் பணம் வைத்தால்தான் இறக்குவோம் என்று சொல்லும் சம்பவங்கள் நடக்கத்தான் செய்கின்றன. அதற்கு இணங்குவது கொடையாகாது. அடுத்த குடும்பத்திற்கும் அது தீங்காகும். நிறுவனத்தை அழைத்து, ஒப்பந்தத்தைக் காட்டி, உறுதியாக மறுப்பதே சரி. மறுக்குமுன் ஒரு கணம், சொல்லாமல் விட்ட மாடியோ கூட்டிய சாமானோ அந்தக் கோரிக்கைக்குப் பின்னால் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இருந்தால் அது மிரட்டல் அன்று, கடன். அதை ஒப்புக்கொண்டு முறையாகத் தீர்க்க வேண்டும்.

'ஓய்வூதியத்தில் வாழ்கிறோம்; எங்களால் இயலாது' என்பவர்கள் வருந்த வேண்டியதில்லை. மோரோ எலுமிச்சைச் சாறோ ஒரு சொம்பு, புத்தகப் பெட்டிகளின் எடைக் குறைப்பு, வழியிலுள்ள மேசை நாற்காலிகளை முன்பே ஒதுக்கி வைத்தல், நன்றாக வேலை செய்தவர்களைப் பற்றி நிறுவனத்திற்குப் பாராட்டிச் சொல்லும் ஒரு வார்த்தை ஆகியவையும் கொடையே. மேலதிகாரியின் காதில் விழும் பாராட்டு, அந்தத் தொழிலாளிக்கு அடுத்த மாத வேலையைப் பெற்றுத் தரக்கூடும்.

இலகுவான கை

வீடு மாறும் நாளில், இத்தனை ஆண்டுகளாக எவ்வளவு சேர்த்துவிட்டோம் என்பதை நாம் முதன்முறையாகக் காண்கிறோம். அலமாரிக்குள்ளும் பரண்மேலும் இருந்தவரை அவற்றுக்கு எடை இருந்ததாகத் தெரியவில்லை. மற்றொரு மனிதனின் தோளில் ஏறும்போதுதான் நம் உடைமையின் எடை புலப்படுகிறது. நாம் வாங்கியவற்றின் பாரத்தை நமக்காகச் சுமப்பவர் எப்போதும் யாரோ ஒருவர் இருக்கிறார் என்பதை அந்த ஒரு நாள் நம் கண்முன் காட்டுகிறது.

எனவே அடுத்த முறை வீடு மாறும்போது, வாசலில் நின்று தயங்க வேண்டாம். அந்தக் கேள்விக்கான விடையைப் பல நாள்களுக்கு முன்பே எழுதத் தொடங்கலாம். உள்ளதை உள்ளபடி சொல்லி, நியாயமான விலைக்கு ஒப்புக்கொண்டு, தேவையற்றதைக் குறைத்து, பெட்டிகளை இலகுவாக்கி, வந்தவர்களை வீட்டுக்கு வந்த மனிதர்களாக நடத்தினால் கடன் தீர்ந்துவிடும். கடன் தீர்ந்த கையிலிருந்து போகும் நோட்டு இருநூறோ நானூறோ, அது கூச்சமின்றிக் கொடுக்கப்படும், கூச்சமின்றிப் பெறப்படும்.